முந்தானையில் முடிந்த பல்

நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள் யாரும் வாய் திறந்து சிரித்துப் போட்டோ எடுத்துக்கொண்டதில்லை. என் வயதுக்காரர்களான உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குருபரப்பள்ளிச் சாலையில் பஸ்ஸுக்கு நின்றால், பல்லைப் பார்த்தே, "அந்தக் கிணத்து ஊருதானே?" என்று கேட்பார்கள். சிலருக்குச் சுண்ணாம்பு தெறித்தாற்போல் வெள்ளைப் புள்ளிகள். சிலருக்குச் செங்கல் நிறத்தில் குறுக்குக் கோடுகள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் மட்டும் வெளியூர்க்காரர். அவர் சிரித்தால் நாம் அவர் பல்லையே வேடிக்கை பார்ப்போம். நமக்கு அந்த வெள்ளைப் பல்தான் விசித்திரம்.

அத்தனை வாய்களுக்கு நடுவே என் வாய் மட்டும் வேறு மாதிரி இருந்தது. அதைக் கவனித்தவள் ஒருத்திதான், என் சித்தி. அவளை ஒரு மார்கழியில் நம் ஊர் திருப்பி அனுப்பியது. அதற்கு என் வாயிலிருந்து வந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. அந்தச் சொல் பொய்யுமில்லை. உங்களில் சிலர் அன்று காலை சாவடியில் என் பக்கத்தில் நின்றிருந்தீர்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

எனக்கு மூன்று வயதில் அம்மா இறந்துவிட்டாள். அவள் முகத்தில் எனக்கு நினைவிருப்பது, பேசும்போதெல்லாம் முந்தானையை வாய்க்கு நேரே பிடித்துக்கொள்ளும் கை மட்டும்தான். பிறகு அப்பாவின் அக்கா எங்களோடு வந்து இருந்தாள். அத்தை கெட்டவள் இல்லை. தன் வாய்க்குப் போக வேண்டியதை என் தட்டில் வைப்பாள். அவள் பார்த்துக்கொண்ட காலத்தில் என் எலும்பு இரண்டு முறை ஒடிந்தது. நான்கு வயதில் கால். ஐந்தில் தோளுக்கு முன்னால் இருக்கும் காறை எலும்பு. இரண்டு முறையும், "ஆடுற பிள்ளை, விழுந்துட்டான்" என்றார்கள். கட்டுப் போடுகிறவர் சைக்கிளில் வந்து, மூங்கில் பத்தைகளை வைத்து, முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் குழைத்த துணியைச் சுற்றுவார். மூன்றாம் நாளே அது நாற ஆரம்பிக்கும். கட்டுக்குள் எறும்பு நுழைந்து ஊர்வதைச் சொறிய முடியாமல் படுத்திருந்ததை இன்றைக்கும் தோல் மறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் நீங்கள் எனக்கு வைத்த பேர் 'ஒடிசல்'. கோபமில்லை. பொருத்தமான பேர்தான்.

எனக்கு ஏழு வயதானபோது, ஐப்பசியில், சித்தி வந்தாள். ஆனேக்கல் பக்கம், மைசூர் ராஜ்ஜியத்துக்காரி. வீட்டில் பட்டுப்புழு வளர்க்கிறவர்கள். இருபது வயதுகூட இருக்காது. தமிழும் கன்னடமும் கலந்து பேசுவாள். என்னைப் 'புட்டா' என்று கூப்பிட்டாள். சின்னவனே என்பதுபோல் அவர்கள் பக்கத்தில் பிள்ளைகளைக் கூப்பிடுகிற பேர். அவள் பல் வாத்தியார் பல்லைவிட வெள்ளை.

அது அவரைக்காய்க் காலம். பனியில் நனைந்த அவரைக்காயின் எண்ணெய்ப் பிசுக்கும் வாசனையும் வீடெங்கும் இருக்கும். சித்தி கொட்டையை ராத்திரி ஊறவைத்து, காலையில் ஒவ்வொன்றாகப் பிதுக்கித் தோலை எடுத்துவிட்டு, பருப்பைக் குழைய வேகவைத்துத் தருவாள். அதற்கு முன் யாரும் எனக்காக எதையும் குழைத்ததில்லை. நம் வீடுகளில் தினமும் ராகிக் களிதான். களியை யாரும் மெல்வதில்லை, உருட்டி விழுங்குகிறோம். அதனால் எனக்கு மெல்லத் தெரியாது என்பது ஏழு வருஷமாக யாருக்கும் தெரியவில்லை. சித்தி வந்த முதல் வாரம் எனக்குப் பொரிகடலை கொடுத்தாள். நான் அதைக் கன்னத்தில் அடக்கி ஊறவைத்து விழுங்குவதைப் பார்த்தாள். முகவாயைப் பிடித்து என்னை வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"ரீ, இங்க வந்து பாருங்க" என்று அவர்கள் பக்கத்து வழக்கப்படி அப்பாவைக் கூப்பிட்டாள். "ஊர்ப் பிள்ளைங்க பல்லுல மேல கறை. இவனுக்குக் கறையே இல்ல. பல்லே இந்த நிறம். வெளிச்சம் உள்ள போகுது பாருங்க, புகை புடிச்ச கண்ணாடியாட்டம்."

"இந்த ஊர்த் தண்ணி அப்படி" என்றார் அப்பா.

"தண்ணிக்குப் பல்லு தேயுமா? ஈறுக்குச் சமமாத் தேஞ்சிருக்கே. கடலைகூடக் கடிக்காத பிள்ளைக்கு எப்படித் தேயும்?"

"நீ புதுசா வந்தவ. போகப் போகத் தெரியும்."

அவள் விடவில்லை. "அக்காவுக்கு, இவன் அம்மாவுக்கு, பல்லு எப்படி இருந்துச்சு?"

உள்ளே திரிகைக் கல் நின்றது. அத்தை மாவுக் கையோடு வெளியே வந்தாள். "செத்தவ வாயைக் கிண்டல் பண்ணத்தான் இந்த வீட்டுக்கு வந்தியா? உன் பல்லு வெள்ளையா இருந்தா உங்க ஊர்லயே வெச்சுக்க!"

சித்திக்கு என்ன தவறு செய்தோம் என்று புரியவில்லை. அவள் கேட்டது கேள்விதான். அந்த வீட்டில் அது கேலியாகப் போய்ச் சேர்ந்தது.

அதன்பின் அவள் என்னைத் தூக்கும் விதம் மாறியது. என் உடம்பில் லேசாக இடித்தாலே கன்றிப் போகிறது என்பதைக் குளிப்பாட்டும்போது கண்டுகொண்டாள். கையைப் பிடித்துத் தூக்கவே மாட்டாள். ஒரு கையை இடுப்புக்கு அடியிலும் இன்னொன்றைக் கழுத்துக்கு அடியிலும் கொடுத்து, மெதுவாக அள்ளுவாள். "எங்க வீட்டுல புழுத் தட்டை இப்படித்தான் தூக்குவோம், புட்டா. ஆட்டக் கூடாது" என்பாள். எனக்குச் சிரிப்பு வரும். நான் புழு போல நெளிந்து காட்டுவேன். "நெளியாதே, அப்புறம் பட்டு நூற்க மாட்டே" என்பாள்.

கார்த்திகையில் என் முன்பல் விழுந்தது. பல் என்று சொன்னால் அரிசி நுனி அளவுதான், ஆறின தேநீரின் நிறம். விழுந்த பல்லைச் சாணி உருண்டைக்குள் வைத்துக் கூரைமேல் எறிய வேண்டும் அல்லவா? சித்தி சாணியை உருட்டி என் கையில் கொடுத்தாள். பல்லை மட்டும் தன் முந்தானை நுனியில் முடிந்துகொண்டாள்.

"யார்கிட்டயும் சொல்லாதே. தை பொறந்ததும் எங்கண்ணன் வருவான். உன்னையும் இந்தப் பல்லையும் பெங்களூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போறோம். டாக்டர் பாத்துச் சொல்லட்டும்."

வெறும் சாணி உருண்டையைக் கூரைமேல் எறிந்தேன். கூரையை ஏமாற்றிவிட்டோம் என்று இரண்டு பேரும் சிரித்தோம். அதைப் போல ஒரு சந்தோஷமான ரகசியம் என்னிடம் அதற்குப் பிறகு இருந்ததில்லை.

மார்கழியில் ஒரு காலை கொல்லைக்காட்டில் அவரைக்காய் பறித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். சித்தியின் இடுப்பில் கூடை. வழியில் ஒரு சின்ன வாய்க்கால், என் காலுக்கு இரண்டு எட்டு அகலம். கூடையை இறக்கி வைத்து என்னை அள்ளித் தாண்டியிருக்கலாம். அன்று மட்டும், "கையைக் குடு புட்டா, தாண்டிடு" என்றாள். கொடுத்தேன். அவள் இழுக்கவில்லை. நான்தான் தாண்டினேன். அவள் பிடித்தது பூவைக் கிள்ளுகிற பிடி. காய்ந்த ஆமணக்குக் குச்சி முறிகிற சத்தம் கேட்டது. முதலில் எனக்கு வலிக்கவில்லை. சித்தியின் முகத்தைப் பார்த்த பிறகுதான் வலித்தது. கூடை சரிந்து காய்கள் தண்ணீரோடு போய்க்கொண்டிருந்தன.

பக்கத்துக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்தார்கள். சித்தி கையில் என் கை இருந்ததை அவர்கள் பார்த்தார்கள். சொல்ல அது போதாதா?

மறுநாள் காலை சாவடி முன்னால் சருகு மூட்டிக் குளிர்காய்ந்துகொண்டே ஊர்ப் பெரியவர்கள் விசாரித்தார்கள். அத்தை என் சட்டையைத் தூக்கி, கன்றிப்போன இடங்களை எல்லாம் காட்டினாள். "எங்கிட்ட இருந்தப்ப இப்படியா இருந்தான்? நீங்களே பாருங்க சாமி."

கூட்டத்தில் ஒருவர், "அவ கையைப் பாத்தா கீரைத்தண்டாட்டம் இருக்குது. பிள்ளை எலும்பை ஒடிக்க மட்டும் பலம் எங்கேருந்துதான் வருதோ!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தக் கேலிக்குள்ளேயே பதில் இருந்தது. யாரும் அதை எடுத்துப் பார்க்கவில்லை.

பெரியவர் என்னை அருகில் கூப்பிட்டார். அன்பாகத்தான் கேட்டார். "கண்ணு, பயப்படாமச் சொல்லு. சித்தி உன் கையைப் புடிச்சாளா?"

"ஆமா."

"புடிச்சப்பத்தான் ஒடிஞ்சுதா?"

"ஆமா."

"போதும், போ."

எப்படிப் பிடித்தாள் என்று அவர் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

"இதுக்கே போதும்னா எப்படி?" என்றாள் அத்தை. "முந்தானையில எந்நேரமும் என்னமோ முடிஞ்சு வெச்சிருக்கா, அதைக் கேளுங்க." கேட்கும்வரை காத்திருக்காமல் அவளே சித்தியின் முந்தானையைப் பிடித்து அவிழ்த்தாள். என் பல் விழுந்தது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒரு தாய் தன் பிள்ளையை இழுத்துப் பின்னால் விட்டுக்கொண்டாள். பிள்ளையின் பல்லையோ முடியையோ எடுத்து ஒளித்து வைப்பவள் எதற்கு வைப்பாள் என்று நம் ஊரில் அன்று யாருக்கும் சந்தேகம் கிடையாது.

"டாக்டருக்கு... பெங்களூர் ஆஸ்பத்திரிக்கு..." என்று தொடங்கினாள் சித்தி.

"பல்லைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறவளை இப்பத்தான் பாக்குறேன்" என்றார் பெரியவர். அதற்கும் சிரித்தார்கள். சித்திக்குத் தமிழ் போய்விட்டது. "நானு ஹொடீலில்ல, நானு ஹொடீலில்ல" என்றாள். அடிக்கவில்லை, அடிக்கவில்லை என்று. நம் ஊரில் அந்தக் கன்னடம் புரியாதவர் யார்? எல்லாருக்கும் புரிந்தது.

பல் எதற்கு என்று எனக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான். யாரிடமும் சொல்லாதே என்று அவள் சொல்லியிருந்தாள். நான் சொல்லவில்லை. ஏழு வயதுப் பிள்ளையின் விசுவாசம் அது என்று என்னை நானே தேற்றிப் பார்த்திருக்கிறேன். பயம்தான். பெரியவர் பல்லைக் காலால் தள்ளினார். அது சருகு நெருப்பில் போய் விழுந்தது. அப்பாவைப் பார்த்து, "என்னப்பா, அனுப்பிடலாமா?" என்றார். அப்பா தலையை அசைத்தார். சரி என்றா, வேண்டாம் என்றா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. சரி என்று எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டாம் நாள் அவள் அண்ணன் மாட்டுவண்டியோடு வந்தான்.  நான் கட்டுப் போட்ட கையோடு படுத்திருந்தேன். சித்தி கிட்டே வரவில்லை. நிலைப்படிக்கு வெளியே நின்று, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு போய்விட்டாள். அவள் ஊறவைத்த அவரைக்கொட்டை ஒரு சட்டியில் அப்படியே இருந்தது. யாரும் பிதுக்கவில்லை. நான்கு நாள் கழித்து அதன் புளித்த நாற்றம் தாங்காமல் அத்தை எருக்குழியில் கொட்டினாள்.

அடுத்த ஆனியில் என் தொடை எலும்பு ஒடிந்தது. வாசலில் தனியாக நடந்துகொண்டிருந்தேன். பத்தடி தூரத்துக்கு ஒருவரும் இல்லை. ஊர் அப்போதாவது யோசித்திருக்கலாம். "பாவி செஞ்சது இன்னும் விடல பாரு" என்றாள் அத்தை. அதோடு அந்தக் கதவும் சாத்திக்கொண்டது. அப்பா வெகுநாள் கழித்து, நான் பள்ளிப் படிப்பை முடித்த வருஷம், களி உருண்டையைப் பார்த்தபடி, "அவ கை அப்படிப்பட்ட கை இல்லடா" என்றார். அவ்வளவுதான். போய்க் கூட்டி வரவில்லை. நானும் போகச் சொல்லவில்லை.

பதினைந்து வயதுக்குப் பிறகு எலும்பு ஒடிவது நின்றது. இருபத்தெட்டில் ஒரு பல்லும் மிச்சமில்லை, பல் செட்டு வைத்துக்கொண்டேன். ஓசூரில் கம்பெனிகள் வந்தபோது ஓர் ஆபீஸில் வேலை கிடைத்தது. கல்யாணம் தாமதம். ஒரே மகள். இப்போது அவளுக்கு ஐந்து வயது, எனக்கு ஐம்பது நெருங்குகிறது.

அவளுக்கு முதல் பல் முளைத்தபோதே அந்தத் தேநீர் நிறம்தான். மனைவி கேட்டாள். "எங்க ஊர்த் தண்ணி அப்படி" என்றேன். "அவ உங்க ஊர்த் தண்ணியை ஒரு வாய் குடிச்சதில்லையே" என்றாள். நான் சிரித்தேன். என் வாயிலிருந்து வந்தது அப்பாவின் வாக்கியம் என்று அப்போது தோன்றவே இல்லை. நான்கு வருஷம் அந்தச் சிரிப்பிலேயே ஓட்டினேன்.

இந்த ஆடியில் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் பஸ் நகரத் தொடங்கிவிட்டது. படியில் நின்றுகொண்டு, கீழே நின்ற மகளிடம், "கையைக் குடு" என்றேன். கொடுத்தாள். அந்தச் சத்தம். நாற்பது வருஷத்துக்குப் பிறகு அதே ஆமணக்குக் குச்சி.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேவைப் பார்த்த எலும்பு டாக்டர், "இதே கை முன்னாடியும் ஒருமுறை ஒடிஞ்சு தானாக் கூடியிருக்கு. உங்களுக்குத் தெரியாதா?" என்றார். எங்களுக்குத் தெரியாது. பிறகு மனைவியைத் தனியாக அழைத்து, வீட்டில் யாராவது பிள்ளையை அடிக்கிறார்களா என்று கேட்டிருக்கிறார். வெளியே வந்த அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கைகளைப் பார்த்தாள்.  சித்தியை அப்படி ஓர் ஊரே பார்த்தது.

நல்லவேளை, அந்த டாக்டர் மகளின் பல்லையும் பார்த்தார். பல் டாக்டரிடம் அனுப்பினார். பல் டாக்டர் சின்ன வயசுப் பெண். மகளின் வாயில் விளக்கடித்துப் பார்த்தாள், கண்ணின் வெள்ளையில் நீலம் பூத்திருப்பதைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அப்பா, நீங்க வாயைத் திறங்க" என்றாள். செட்டைக் கழற்றினேன்.

"சின்ன வயசுல உங்களுக்கு எலும்பு ஒடிஞ்சிருக்கா?"

"ஏழு தடவை."

"உங்க அம்மாவுக்குப் பல்லு எப்படி இருந்துச்சு?"

  செட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்த நாற்காலியிலேயே அழுதேன்.

அவள் பொறுமையாக விளக்கினாள். பல்லின் உட்பகுதிக்கும் எலும்புக்கும் ஆதாரமான சரக்கு ஒன்றுதானாம். அது பிறவியிலேயே சரியாக அமையாத குறை, அபூர்வமானது, குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது. தண்ணீர்க் கறை பெரும்பாலும் விழுந்து முளைக்கிற பல்லில்தான் தெரியுமாம். பால்பல்லே நிறம் மாறி முளைத்து, தேயவும் தேய்ந்தால் தண்ணீர்மேல் பழி போட்டுக் காத்திருக்கக் கூடாதாம். "முதல் பல்லு வந்தப்பவே காட்டியிருந்தா தேயறதுக்கு முன்னாடி உறை போட்டிருக்கலாம். எப்படித் தூக்கணும்னு சொல்லிக் குடுத்திருக்கலாம். இந்தக் கை ஒடியாமக்கூட இருந்திருக்கும்" என்றாள். பிறகு ஒரு நர்ஸ், கையைப் பிடித்துத் தூக்காமல், அடியில் இரண்டு கையும் கொடுத்து அள்ளித் தூக்கக் கற்றுக்கொடுத்தாள். எனக்கு அது தெரியும். என் உடம்புக்குத் தெரியும்.

அன்று சித்தி பெங்களூருக்குக் கொண்டுபோயிருந்தால் அந்தக் காலத்து டாக்டர் கண்டுபிடித்திருப்பாரா, தெரியாது. ஆனால் அவள் கேட்க வேண்டியதைக் கேட்டாள். எடுத்து வைக்க வேண்டியதை எடுத்து வைத்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு ஆனேக்கல் பக்கம் போனேன். விசாரித்துக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. ஓசூருக்குப் பக்கத்து ஊர்தான், இத்தனை வருஷமும் பக்கத்து ஊர்தான். அண்ணன் இறந்துவிட்டான். அவன் மகன் வீட்டில் சித்தி இருந்தாள். தலை முழுக்க நரை. மூங்கில் தட்டில் பட்டுக்கூடு பறித்துக்கொண்டிருந்தாள்.

"யாரு?"

"புட்டா" என்றேன். வேறெப்படிச் சொல்வது?

அவள் கை நிற்கவில்லை. ஒரு வரிசை முழுக்கப் பறித்து முடித்தாள். பிறகு மகளின் மாவுக்கட்டைப் பார்த்தாள், இரண்டடி பின்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். காப்பி கொண்டுவந்த அந்த வீட்டு மருமகள் சொன்னாள். "அத்தை சின்னப் பிள்ளைங்க யாரையும் தொடமாட்டாங்க. என் ரெண்டு பிள்ளைங்களையும் ஒருநாள் தூக்கினதில்ல. என் கை சரியில்லைம்மான்னு சொல்லிடுவாங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். எக்ஸ்ரே, பல் டாக்டர், அம்மாவின் பல் பற்றிய கேள்வி, நான் சாவடியில் வாய் மூடி நின்றது.  முடித்த பிறகு சித்தி கேட்டாள்.

"அப்போ, அன்னிக்கு நான் மெல்லத்தானே புடிச்சேன்?"

"ஆமா சித்தி. மெல்லத்தான் புடிச்சே."

அவள் தலையசைத்தாள். மகளைப் பார்த்து, "வாயைத் திற" என்றாள். தள்ளி இருந்தே பார்த்தாள். மேல் அடுக்குத் தட்டில் இருந்த புழுவைப் பார்க்க மகளுக்கு ஆசை. "தூக்குங்க" என்று சித்தியிடம் போய் நின்றாள். சித்தியின் இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் போய்விட்டன.

"நீ தூக்கு" என்றாள் என்னிடம். நான் குனிந்தபோது, "கையைப் புடிக்காதே. இப்படி" என்று பின்னாலிருந்த கைகளை முன்னால் கொண்டுவந்தாள். ஒன்றை இடுப்பளவுக்குக் கீழே கொடுத்தாள், இன்னொன்றைக் கழுத்துக்கு. வெறும் காற்றை மெதுவாக அள்ளி நெஞ்சுவரை உயர்த்திக் காட்டினாள்.

நான் அதைப் பார்த்து மகளைத் தூக்கினேன். அவள் புழுக்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். சித்தியின் கைகள் இன்னும் இறங்கவில்லை. அவற்றில் எதுவோ இருப்பதுபோல, ஆட்டாமல், அப்படியே ஏந்திக்கொண்டிருந்தாள்.